கடலால வந்தவள், காட்டால வந்தவள்

அந்த வருடம் என்னோடு தகரக் கொட்டிலில் இருந்து பதினோராம் ஆண்டு படித்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். இப்போது நாம் எல்லோரும் முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டோம். சிலருக்கு என்னைப் போலவே கண்ணாடியும் வந்துவிட்டது. கொட்டிலின் சூட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வரவு குறிக்கும் இடாப்பு எங்கள் வகுப்புக்கு மட்டும் இரண்டு இருந்ததை மறந்திருக்கலாம். ஒன்று நீல மட்டை, மற்றது பழுப்பு மட்டை. இரண்டையும் எழுதியவள் நான் என்பதால் எனக்கு மறக்க வழியில்லை. உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். முன்னுக்கே கேட்டால் ஏன் என்று விளங்காது. ஆகவே ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

சுனாமியில் கடல் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்குடாப் பக்கத்தில் கரையோரம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது மூன்று படிகளும் மணி தொங்கிய கம்பமும்தான். உள்ளே தள்ளி, மரமுந்திரிகைத் தோட்டத்துக்குள் நான்கு தகரக் கொட்டில்கள் போட்டுத் தந்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்குத் தகரம் சூடேறிப் படக், படக் என்று சத்தம் போடத் தொடங்கும். வகுப்பு ரீச்சர் அந்தச் சத்தத்துக்காகப் பாடத்தை நிறுத்தமாட்டார். குரலை மட்டும் உயர்த்துவார். மழை வந்தால்தான் நிறுத்துவார். வாங்குகள் பச்சைப் பலகையில் செய்தவை. இருந்து எழும்பினால் வெள்ளைச் சட்டையில் பிசின் ஒட்டியிருக்கும்.

எங்களுக்கெல்லாம் நிவாரணத்தில் நீலப் பை கிடைத்திருந்தது. அதில் புதுச் செருப்பின் மணம். இரண்டு வருடம் வெயிலில் காய்ந்தும் அந்த மணம் போகவில்லை. பைக்குள் கொண்டுபோகும் ரொட்டியிலும் ஏறிவிடும். இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்குப் பசிக்கிறது.

ரீச்சர் என்னை வகுப்புத் தலைவி ஆக்கியது என் எழுத்துக்காகத்தான். அடிமட்டம் வைத்துக் கோடு போடாமல் ஒரு சொல்லும் எழுதமாட்டேன். பிழைத்த எழுத்தை வெட்டுவதற்கும் அடிமட்டம் வைப்பேன். ‘உன்னக் கட்டப்போறவன் பாவம், சோத்துக்கும் கோடு போடுவாய்’ என்பார் ரீச்சர்.

தை மாதம் வாகரைப் பக்கத்திலிருந்து சனங்கள் வந்தார்கள். அங்கே சண்டை. தோட்டத்துக்கு அப்பால் வெறும் நிலத்தில் ஒரே கிழமைக்குள் தறப்பாள் கூடாரங்கள் எழும்பின. அவர்களுடைய பிள்ளைகளில் எங்கள் வயதுக்காரர் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். அப்போதுதான் பழுப்பு இடாப்பு வந்தது.

பழைய பள்ளிக்கூடம் தரும் விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளையை இன்னொரு பள்ளிக்கூடம் சேர்க்கக் கூடாது என்பது எப்போதும் உள்ள விதி. கடல் வந்தபின் அதைத் தளர்த்தி ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பத்திரம் தேவையில்லை என்றது அது. நல்ல சுற்றறிக்கை. எங்களில் பாதிப் பேர் அதனால்தான் வகுப்பில் இருந்தோம். ஆனால் எழுதியவர்கள் கடலை மட்டும் நினைத்து எழுதியிருந்தார்கள். சண்டையால் வந்தவர்கள் அதற்குள் அடங்கவில்லை. அவர்களைப் பத்திரம் வரும்வரை பழுப்பு இடாப்பில் போடச் சொன்னார்கள். மட்டையில் ‘தற்காலிகம்’ என்று என் கையாலேயே எழுதினேன். பழுப்பில் உள்ளவர்கள் வகுப்பில் இருக்கலாம், படிக்கலாம். ஆனால் வருட முடிவில் வரும் சாதாரண தரச் சோதனைக்குப் பள்ளிக்கூடம் விண்ணப்பம் அனுப்புவது நீலத்தைப் பார்த்து மட்டும். பத்திரம் தரவேண்டிய அவர்களுடைய பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. அதிபர்கள் எந்த முகாமில் என்று தெரியாது. தனியாக விண்ணப்பிப்பதென்றால் அடையாள அட்டை வேண்டும். அதற்கு ஊர்க் கிராம சேவகரின் கையெழுத்து வேண்டும். அவரும் எங்கோ ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தார்.

முதலாவதாக ஒரு பெண் பிள்ளை வந்தாள். அன்றைக்கு ரீச்சருக்கு எங்கோ கூட்டம். இரண்டு இடாப்புகளையும் என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். ‘பேர், வயசு, பழைய பள்ளிக்கூடம், காரணம். நாலையும் கேட்டு எழுது. அழவைக்காத’ என்று சொல்லியிருந்தார்.

அவள் ஒரு சொப்பிங் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் மூன்றையும் எழுதிவிட்டுக் கேட்டேன்.

“எதால வந்த நீங்க?”

“கடலால.”

நான் நீல இடாப்பில் ‘கடல்’ என்று எழுதினேன்.

எங்கள் பேச்சில் இது எவ்வளவு சின்ன விசயம் என்று உங்களுக்குத் தெரியும். ‘ஓட்டமாவடியால வாறன்’ என்றால் அது வழி. ‘காய்ச்சலால வரல்ல’ என்றால் அது காரணம். இரண்டுக்கும் ஒரே ‘ஆல’. எங்கள் முகாமில் எங்களையே நாங்கள் ‘கடலால வந்த ஆக்கள்’ என்றுதான் சொல்லிக்கொள்வோம். நான் காரணத்தைக் கேட்டேன். அவள் வழியைச் சொன்னாள்.

எட்டு நாள் கழித்து அவளுடைய மச்சாள் வந்தாள். இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தது. ரீச்சர் மேசையில் இருந்தார். நான் அதே நான்கு கேள்விகளைக் கேட்டேன்.

“எதால வந்த நீங்க?”

“காட்டால. நாலு நாள்.”

“காடு எண்டு எழுத ஏலாது.”

“ஏன்கா, சின்னச் சொல்லுதானே? எழுத்துத் தெரியாட்டிச் சொல்லட்டுமா?”

பின்வாங்கில் சிரித்தார்கள். ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “அவவப் பழுப்பில போடு” என்றார். பிறகு நீல இடாப்பை இழுத்துத் திறந்து, முதல் வந்தவளுடைய வரியில் விரலை வைத்து, பழைய பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். இடாப்பை மூடினார். ஏன் பார்த்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கடலால வந்தவளும் காட்டால வந்தவளும் என் வாங்கில் இருந்தார்கள், எனக்கு இரண்டு பக்கமும். கடலால வந்தவள் அமைதி; கணக்கு என்றால் அவளுக்குக் கை வேர்க்கும். காட்டால வந்தவள் வாயாடி. ஆனால் வகுப்பில் அவளைப்போல் கணக்குச் செய்ய ஒருவரும் இல்லை. ரீச்சர் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி முடிக்கமுன் விடை சொல்லுவாள். எங்கள் இருவருக்கும் இருபடிச் சமன்பாட்டைப் படிப்பித்தவள் அவள்தான், முந்திரிகை மரத்தடியில், ஈர மணலில் தடியால் எழுதி. எனக்குக் கோடு போடாத மணலில் பார்த்துப் படிக்க முதலில் கஷ்டமாக இருந்தது.

அவளிடம் ஒரு கொம்பாஸ் பெட்டி இருந்தது. மூடியில் பூச்சு உரிந்து தகரம் தெரியும். திறந்தால் நெருப்புக்குச்சியின் மணம் வரும். காட்டுக்குள் வரும்போது அவளுடைய அம்மா நெருப்புக்குச்சி நனையாமல் இருக்க அந்தப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தாவாம். பாகைமானியும் மூலைமட்டமும் அங்கேயே எறியப்பட்டன. கவராயத்தை மட்டும் எறியவிடவில்லை.

“அது என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“கால்ல முள்ளுக் குத்தினா எடுக்க. எங்கட வீட்ட எட்டுக் காலுக்கும் அதுதான் டொக்டர்.”

அதே கவராயத்தால் அவள் வட்டம் கீறினால் தொடங்கின இடத்தில் சரியாக வந்து முட்டும். என்னுடைய புதுக் கவராயத்தால் எனக்கு அப்படி வந்ததில்லை.

வைகாசியில் ஒரு நாள் இடைவேளையில், கடலால வந்தவள் தன் அப்பாவின் வள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். விடியக்காலையில் களப்பிலிருந்து வள்ளத்தை வெளியே எடுத்து, கரைக்குக் கிட்ட வராமல் கடலாலேயே வந்தார்களாம். வள்ளத்தில் அவர்கள் குடும்பத்துக்குத்தான் இடம் இருந்தது. மச்சாளின் அப்பாவுக்குச் சேனைப் பயிரும் மாடும்தான், வள்ளம் இல்லை. அவர்கள் காட்டால நடந்தார்கள்.

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். “அப்ப, சுனாமியில உங்கட வீடு?”

“எங்கட ஊருக்குக் கடல் வரல்லகா. நாங்கதான் கடலுக்குப் போன.”

என் இடாப்பில் ஒரு பிழை. அவளுக்கு என்ன ஆகும் என்பதல்ல, என் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் வந்த எண்ணம். அதை மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பாடம் முடிந்தபின் நீல இடாப்பையும் சிவப்புப் பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு ரீச்சரிடம் போனேன்.

“ரீச்சர், ஒரு வரி பிழையா எழுதிட்டன். அவ சண்டையால வந்தவ. வெட்டிட்டுப் பழுப்பில போடட்டா?”

ரீச்சர் முதலில் சிவப்புப் பேனையை வாங்கித் தன் பைக்குள் வைத்தார்.

“நீ என்ன கேட்ட?”

“எதால வந்த எண்டு.”

“அவ என்ன சொன்ன?”

“கடலால எண்டு.”

“நீ என்ன எழுதின?”

“கடல்.”

“மறுகா, எங்க புள்ள பிழை?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ரீச்சர் பொய் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். “அப்ப மச்சாளையும் நீலத்தில எழுதுவமா, ரீச்சர்?” என்று கேட்டேன். அது நியாயத்துக்காகக் கேட்டதல்ல. அவரை மடக்கக் கேட்டது.

அவர் இடாப்பை மூடி என் கையில் தந்தார். தகரம் ஆறிச் சுருங்கும் சத்தம் கேட்டது.

“அவ காட்டால எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சும் போட்டீங்க. இனி மாத்தினா ரெண்டு பேரும் போவாங்க” என்றார். பிறகு, “அவ கெட்டிக்காரி. ஒரு வருசம் பொறுத்தாலும் எழுதுவா. மற்றவ பொறுத்தாக் கலியாணம் கட்டிக் குடுத்துருவாங்க” என்றார்.

அந்த வருடம் முழுக்க நான் ரீச்சரை மனதுக்குள் மதிக்கவில்லை. இப்போது நினைத்தால், அவர் பொய்யே சொல்லவில்லை. அவர் பிழைத்தது வேறு இடத்தில். கெட்டிக்காரப் பிள்ளை பொறுக்கும் என்று நினைத்தார். பொறுக்கும்தான். ஆனால் பொறுக்கும் பிள்ளைக்காக மற்ற எதுவும் பொறுத்துக்கொண்டு நிற்பதில்லை.

விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஒரு அதிகாரி வந்தார். வியர்வைக்குக் கழுத்துப் பட்டிக்குள் கைலேஞ்சி செருகியிருந்தார். கடுமையான மனிதர் அல்ல. தண்ணீர் கொடுத்த பிள்ளைக்கு நன்றி சொன்னார். ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒன்றில் நின்றார்.

“இந்தப் பள்ளிக்கூடம் வாகரைக்கு உள்பக்கம். இவ எப்பிடி நீலத்தில?”

ரீச்சர் அசையவில்லை. “எழுதின புள்ளயக் கேளுங்க, சேர்” என்றார்.

எழும்பி நின்றேன். எனக்கு இடப்பக்கம் கடலால வந்தவள் வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்தாள். நான் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் அவள் பழுப்புக்குப் போவாள், சோதனை இல்லை. இதெல்லாம் எனக்கு அந்த நேரம்தான் விளங்கியது.

“கடலால வந்தவ, சேர்.”

“ஓமா, புள்ள?” என்று அவளைக் கேட்டார்.

“ஓம் சேர். கடலாலதான். வழியெல்லாம் சத்தி எடுத்த.”

வள்ளத்தில் வாந்தி எடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். ரீச்சர் கண்ணை மூடினார். அதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார். அவர் சிரிப்பை மறைத்தார் என்றே நினைக்கிறேன். பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார்.

அவர் பேனையை மூடும்போது எனக்கு வலப்பக்கம் வாங்கு ஆடியது.

“சேர், நான் காட்டால வந்த. காட்டுக்கு ஒரு கொப்பி இல்லையா?”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி தன் கோவையைத் திறந்து அந்தச் சுற்றறிக்கையை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். அதை அவர் பலமுறை வாசித்திருப்பார். இருந்தும் வாசித்தார்.

“இதில காடு இல்ல, மகள்” என்றார்.

அன்று பின்னேரம் கடையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் ‘காட்டால வந்தவர்கள்’ என்று தலைப்பு எழுதி, நாட்களுக்குக் கட்டம் கீறி, ஒன்று என்று இலக்கம் போட்டு அவளுடைய பெயரை எழுதினேன். கழிந்த மாதங்களின் வரவைப் பழுப்பு இடாப்பைப் பார்த்துப் பிரதி செய்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் பதினொரு பேர். நான் அடிமட்டத்தை அவளுடைய வரிக்குக் கீழே வைத்து, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து எழுதினேன்.

கொப்பியைக் காட்டியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒராளுக்குப் பள்ளிக்கூடமா? அதிபர் ஆருகா?” ஆனால் அடுத்த நாளிலிருந்து காலையில் என் காதுக்குள், “வந்தன் ரீச்சர்” என்று சொல்லாமல் இருக்கமாட்டாள். நானும் கோடு போடுவேன். ஒரு நாளைக்கு ஒரு கோடு என்றால் பக்கம் வெறுமையாகத் தெரிந்தது. அதனால் ஓரத்தில் அன்று நடந்ததை ஒரு வரி எழுதத் தொடங்கினேன். நான் இன்றும் நாட்குறிப்பு எழுதுகிறேன் என்றால், தொடங்கியது அங்கேதான்.

சோதனை நாட்களில் அவள் தன் கொம்பாஸ் பெட்டியை மச்சாளிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு எதிரே மரத்தடியில் இருந்தாள். கணிதம் முடிந்து வந்ததும் வினாத்தாளைப் பறித்துப் பார்த்தாள். மணலில் இருந்து முழுவதையும் செய்தாள். நாங்கள் இருவரும் பிழைத்த இடங்களைக் காட்டிவிட்டு, தடியால் தனக்குத்தானே ஒரு பெரிய சரி போட்டாள். அன்றைக்கும் என் கொப்பியில் அவளுக்கு வரவு போட்டிருக்கிறேன்.

கடலால வந்தவள் கணிதத்தில் சாதாரண சித்தியோடு தேறினாள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. இப்போது முன்பள்ளி ரீச்சர். காட்டால வந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே பள்ளிக்கூடம் திறந்தது, ஆனால் கணிதத்துக்கு ஆள் இல்லை. முதலாம் வருடம் போனது. இரண்டாம் வருடம் போர் முடிந்தது. அதன் பிறகுதான், சண்டைக் காலத்தில் வேறு பள்ளிக்கூடங்களில் தற்காலிகமாகப் படித்தவர்கள், அங்கே வரவைக் காட்டி ஒரு கடிதம் பெற்றால் சோதனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்தது.

அவள் பஸ் மாறி மாறி வந்தாள். கொட்டில்கள் கழற்றப்பட்டுக் கல்லுக் கட்டடம் எழும்பியிருந்தது. நீல இடாப்பு அலுமாரிக்குள் இருந்தது. பழுப்பு இடாப்பு இல்லை. மட்டையில் ‘தற்காலிகம்’ என்று இருந்ததால், கொட்டிலைக் கழற்றிய கிழமை யாரோ குப்பையோடு எரித்துவிட்டார்கள். நான் என் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதிபர் புரட்டிப் பார்த்து, “இது என்ன இடாப்பு?” என்று கேட்டார்.

“எங்களிட்ட இரிக்கிற இடாப்பு இதுதான், சேர்” என்றார் ரீச்சர். அவர் தலை அந்த இரண்டு வருடத்தில் நரைத்திருந்தது. கடிதத்தை அவரே எழுதினார். அதிபர் முத்திரை வைத்தார்.

அவள் கடிதத்தை மடிக்கவில்லை. என் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தாள். ஒரு பெயர். அதன் கீழே வெறும் வரிகள்.

“மற்ற ஆக்கள்?”

“எழுதல்ல” என்றேன். “அவங்கட பேர் உனக்குத் தெரியுமா?”

“ஒவ்வொருத்தர் ஒவ்வொரு ஊர். எனக்குக் கூப்பிடுற பேர்தான் தெரியும்.”

கூப்பிடும் பெயருக்குக் கடிதம் கொடுக்க முடியாது. இடாப்புப் பெயர் வேண்டும். நம் வீடுகளில் அது வேறு, இது வேறு. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த வருடமும் அடுத்த வருடமும் வந்து கேட்டார்கள். நான் அப்போது அங்கே இல்லை; பெயரை அவர்கள் சொன்னாலும் வரவைக் காட்ட ஒரு வரியும் இல்லாததால், ரீச்சர் ஒவ்வொருவரிடமும் என் கொப்பியைத்தான் காட்டினாராம்.

அவள் இரண்டு வருடம் பிந்தி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து எழுதினாள். கணிதத்தில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே அறிவீர்கள். இப்போது தன் ஊரில் தொண்டர் ஆசிரியையாகக் கணிதம் படிப்பிக்கிறாள். நியமனம் இன்னும் வரவில்லை. ‘நான் இன்னும் பழுப்பிலதான்கா’ என்று போனில் சிரிப்பாள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்தப் பத்துப் பேரும் எந்த வாங்கில் இருந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியும். ஒருத்திக்கு இடது புருவத்தில் தழும்பு. ஒருவன் இரண்டு கையாலும் எழுதுவான். அக்காவும் தங்கையும் ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டு வருவார்கள். முகங்கள் எல்லாம் வருகின்றன. இடாப்புப் பெயர் ஒன்றும் வரவில்லை. உங்களில் யாருக்காவது ஒன்றாவது ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அவர்களுக்கு இனி அந்தக் கடிதம் உதவாது, தெரியும். இருந்தாலும் அனுப்புங்கள்.

அன்றைக்கு அதிபரின் அறைக்கு வெளியே நின்று, அவள் என் கையிலிருந்த பேனையை வாங்கினாள். தன் பெயருக்குக் கீழே இரண்டிலிருந்து பதினொன்று வரை இலக்கம் போட்டாள், அடிமட்டம் இல்லாமல், கொஞ்சம் சரிந்த எழுத்தில்.

“இலக்கத்த நான் போட்டுட்டன். பேர நீ போடு” என்றாள்.

இலக்கங்கள் இருக்கின்றன.